செல்லாயி ஓடாத பந்தயம்

புந்தோங், ஈப்போ
14 டிசம்பர் 1986

என் அன்பு மகள் பெட்ரீசியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தம்பி ஜோனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாலைச் செபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். உன் கடிதமும் போட்டோவும் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது பிள்ளை, இரவு வேலை பார்க்கிறவள் பகலில் தூங்க வேண்டும், தூங்குகிற நேரத்தில் துணி துவைத்துக்கொண்டும் கடைக்குப் போய்க்கொண்டும் இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும். இங்கே விடாத மழை, கிந்தா ஆறு பாலத்தை முட்டிக்கொண்டு போகிறது, துணி காய மாட்டேன் என்கிறது, வீடு முழுக்க ஈர வாடை. பினாங்கில் ஜோன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள், அதை அவனே உனக்குச் சொல்லியிருப்பான். இப்போது ஒரு லோரிக்காரரிடம் சேர்ந்து பலகை ஏற்றிக்கொண்டு பாகான் டத்தோ வரைக்கும் போய் வருகிறான், முகம் கறுத்துப் போனாலும் பசி எடுத்துச் சாப்பிடுகிறான், அது போதும் எனக்கு.

அப்பா ஏன் எனக்கு எழுதுவதில்லை, கல்லூரியில் என்னதான் நடந்தது, தம்பி போனில் ஏதோ சொல்ல வந்தான் பாதியில் லைன் அறுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து எனக்கும் மனது சரியில்லை. அவர் எழுத மாட்டாரம்மா. இரண்டு தடவை ஏர்மெயில் தாளை விரித்து வைத்து உட்கார்ந்தார், உன் பெயரை எழுதினார், அதற்கு மேல் ஓடவில்லை, மூடி வைத்துவிட்டார். நான் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கோ, ஆனா கூட்டியும் எழுதாதே குறைச்சும் எழுதாதே என்றார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், உட்கார்ந்து வாசி.

அப்பா அந்தக் கல்லூரிக்கு விளையாட்டுத் துறை டைரக்டராகப் போன வருடம் உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது பள்ளியில் இரண்டாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாய். தோட்டத்து லயத்தில் பிறந்து வெறுங்காலோடு ஓடிப் பேராக் மாநிலத்துக்கே பெயர் வாங்கியவர், ஆசிரியர் வேலை பார்த்தவர், இருந்தாலும் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்கு வெளியே தன் பெயரைப் பார்த்த அன்றைக்கு மரியஜோசப் என்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். அங்கே ஓட்டப் பாதை ஏது, ஈயம் கழுவிக் கொட்டிய மணல் மேடுதானே இருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து லோரி லோரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, அப்பாவும் மாயாண்டி சித்தப்பாவும் பிள்ளைகளோடு சேர்ந்து மிதித்து உருட்டிப் போட்ட பாதை அது. முதல் போட்டிக்கு நீதான் முடிவுக் கோட்டில் நாடா பிடித்து நின்றாய். அப்புறம் நீ ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் படிக்க இங்கிலாந்து போனபிறகும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நல்லா ஓடுகிற தோட்டத்துப் பிள்ளைகளாகப் பார்த்து அப்பா கூட்டிக்கொண்டு வருவார், கல்லூரி அவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் படிப்பும் விடுதியில் இடமும் கொடுக்கும், மாயாண்டி சித்தப்பா பயிற்சி கொடுப்பார், அப்பா மற்றதெல்லாம் பார்ப்பார். மற்றதெல்லாம் என்றால் பஸ், சட்டை, சாப்பாடு, போட்டிக்குப் பெயர் கொடுப்பது, தோற்ற பிள்ளையைத் தேற்றுவது, ஜெயித்த பிள்ளையைத் திட்டுவது எல்லாம்.

போன வருடக் கடைசியில் ஈயத்தின் விலை விழுந்ததை நீ அங்கே பேப்பரில் பார்த்தாயோ என்னவோ. இங்கே ஊரே விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சுரங்கம் ஒவ்வொன்றாக மூடினார்கள், வேலை போனவர்கள் காப்பிக் கடைகளில் ஒரே கிளாஸ் காப்பியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகளைத் தனியார் கல்லூரியில் படிக்கவைத்த அப்பன்மார் பாதிப் பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அங்கே வகுப்புகள் காலியானதும் நிர்வாகம் முதலில் கை வைத்தது விளையாட்டில்தான். பஸ் போயிற்று. ஹாக்கி போயிற்று. சலவைக்காரரை நிறுத்தியதும் பிள்ளைகளுடைய சட்டைகள் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தன, நான் துவைத்துப் போட்டேன், மழை பெய்தால் கூடத்தில் கொடி கட்டி எல்லாம் தொங்கும், அப்பா அதற்குள் குனிந்து குனிந்து நடப்பார். ஒவ்வொன்றையும் வெட்டச் சொல்வார்கள், எதை வெட்டுவது என்று இவரையே எழுதித் தரச் சொல்வார்கள். அதுதான் அவரைத் தின்றது. ஹாக்கிப் பிள்ளைகளிடம் இவரே போய்ச் சொன்னார், வேறு யாரையும் அனுப்பவில்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் கை கழுவினார்.

வருடம் பிறந்ததும் நிர்வாகக் குழுத் தலைவர் டத்தோ கூப்பிட்டு, இந்தத் துறையையே மூடத்தான் யோசிக்கிறோம் என்று சொல்லிவிட்டார். அப்பா விடவில்லை. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கடைசியில் சத்துப்பானம் விற்கிற ஒரு கம்பெனிக்காரர் மட்டும் ஒரு பேச்சுப் பேசினார். உங்கள் பிள்ளை ஒருத்தி மாநிலப் போட்டியில் ஜெயித்துப் பேப்பரில் படம் வரட்டும், எங்கள் பெயரைச் சட்டையில் போட்டு இரண்டு வருடத்துக்கு உங்கள் துறையை நாங்கள் தாங்குகிறோம் என்றார். டத்தோவும் அதற்குச் சரி என்றார். அப்படி ஜெயிக்கக்கூடிய பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். அவளை உனக்குத் தெரியாது, நீ போனபிறகு வந்தவள். பெயர் செல்லாயி, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம், அப்பன் இல்லை, அம்மா இருளாயி ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். ஆறாம் பாரம் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணூறு மீட்டர் ஓட்டம். நான் எத்தனையோ பிள்ளைகள் ஓடிப் பார்த்திருக்கிறேன், இவள் ஓடினால் மண் சத்தமே போடாது. பேச்சும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வரும்போது வாசலில் நிற்பாள், கோழிக்குழம்பு நாளில் மட்டும் சிரிப்பாள்.

ஜூன் மாதம் போட்டி. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேங்காய் துருவச் சொன்னேன். எப்போதும் சம்மணம் போட்டுத் துருவுகிறவள் அன்றைக்கு ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தாள். என்ன பிள்ளை என்றேன், ஒண்ணும் இல்ல ஆண்ட்டி, காலு மரத்துப் போச்சி என்றாள். எனக்குச் சரியாகப் படவில்லை, அப்பாவிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு மேலேயே விரலை வைத்து அழுத்தினார். அவள் வாயைத் திறக்கவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். நீ தாதி, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, எலும்பில் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். இத்தோடு ஓடினால் முழுசாக உடையலாம், உடைந்தால் பழையபடி ஆகாமலும் போகலாம், ஆறு எட்டு வாரம் காலுக்கு ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மாயாண்டி சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவரும் அப்பாவும் ஒரே தோட்டத்தில் ஒன்றாக ஓடியவர்கள், உனக்குச் சைக்கிள் பழக்கும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு புந்தோங் முழுக்க ஓடிவந்தவர், அவருடைய குணம் உனக்குத் தெரியும், கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு நிமிசம் சொச்சம்தானே அண்ணே. இறுக்கிக் கட்டி, வலிக்கு ஒரு ஊசி போட்டு இறக்கிடலாம். அவ ஜெயிச்ச அன்னைக்கே கட்டுப் போட்டு ஆறு மாசம் உக்கார வச்சிக்கலாம்லா. அவ ஓடலன்னா நீங்களும் இல்ல, நானும் இல்ல, அஸ்ராமா விடுதியில இருக்கிற மத்த பிள்ளைங்களும் இல்ல." "உடையும்னு டாக்டர் சொன்னாரா, உடையலாம்னுதானே சொன்னாரு" என்று சித்தப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள், கடைசிப் பிள்ளை இன்னும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அவர் பயம் எனக்குப் புரிந்தது.

செல்லாயியும் ஓடியே தீருவேன் என்றுதான் நின்றாள். அப்பா அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினார், நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்தத் தோட்டத்தை நீ பார்த்தால் அழுவாய், பால்மரங்களைச் சாய்த்துக்கொண்டே வருகிறார்கள், செம்பனைக் கன்று நட்ட வெட்டவெளிதான் பாதித் தோட்டம், ரம்பச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. இருளாயி வேலை முடிந்து குளிக்காமல்கூட வாசலுக்கு வந்தாள், கையெல்லாம் பால் காய்ந்து கறுத்திருந்தது. அப்பா விரிசலைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "ஓடட்டும் சார். இங்க திரும்பி வந்தா என்னா இருக்கு? அடுத்த வருசம் எனக்கே வேல இருக்கான்னு தெரியல. காலு உடைஞ்சா கட்டிக்கலாம் சார். காலேஜ்ல கெடைச்ச இடம் போச்சின்னா அத யாரு சார் எம்புள்ளைக்கித் திரும்பக் குடுப்பா?" அவள் எங்களுக்குத் தேநீர் கலக்கப் போனாள், வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, குடித்துவிட்டுத்தான் வந்தோம்.

வரும் வழியில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். லோரிகள் போய்க்கொண்டே இருந்தன. நீ என்ன சொல்ற என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கல்லூரி விஷயம் எதையும் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் யோசித்தேன் பெட்ரீசியா. துறை மூடினால் நம் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, ஜோனுக்கும் அப்போதுதான் வேலை போயிருந்தது. அவளை ஓடவைத்து எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கடைசியில் இதைத்தான் சொன்னேன், "நீங்கதான் அவளுக்கு விசில் ஊதுறவரு. நீங்க ஊதினா ஓடுவா, ஊதலன்னா நிப்பா. நான் என்ன சொன்னாலும் அந்த விசில் உங்க வாயிலதான் இருக்கும். நீங்களே சொல்லுங்க. எதுன்னாலும் நான் இருக்கேன்." அவர் தலையை ஆட்டினார், வண்டியை எடுத்தார். என்னை இறக்கிவிட்டு நேரே விடுதிக்குப் போனார்.

அங்கே நடந்ததை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாயே திறக்காத பிள்ளை அன்றைக்கு விடுதிக்கே கேட்கிற மாதிரி கத்தினாளாம். "இந்தக் கோப்ப போனா உங்களுக்கு வேற கோப்ப வரும் சார், எனக்கு இது ஒண்ணுதான். காலு என்னோடது. ஒடஞ்சா எனக்குத்தானே ஒடையும், நீங்க யாரு நிறுத்துறதுக்கு?" என்றாளாம். அப்பா சொன்னாராம், "கால் உன்னோடதுதான் பிள்ளை. உன் பேரைக் குடுக்கிற கை என்னோடது. நான் குடுக்க மாட்டேன்." அவள் தன் சூட்கேசைக் கீழே தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போட்டி அன்றைக்கு நானும் ஸ்டேடியத்துக்குப் போனேன், தனியாக அவரை விட மனம் வரவில்லை. செல்லாயி காலில் கட்டோடு படிக்கட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள், நாங்கள் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதிகாரிகள் மேசைக்கு முன்னால் மாயாண்டி சித்தப்பா அப்பாவைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணே, இன்னும் நேரம் இருக்கு. ஒரு வார்த்த சொல்லுங்க போதும், நான் அவளத் தூக்கிட்டு வாரேன்" என்றார். அப்பா அவர் தோளில் கை வைத்து, வேணாம் மாயாண்டி என்றார். சித்தப்பா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார், தள்ளவில்லை, மெதுவாக எடுத்து விட்டார். "முப்பது வருசமா உங்க பின்னாலயே ஓடியிருக்கேன் அண்ணே. ஒரு தடவ நீங்க என்னைத் திரும்பிப் பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார், அவர் மோட்டார் சைக்கிள் கிளம்பிய சத்தம் எனக்குக் கேட்டது. எண்ணூறு மீட்டரில் வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தி ஜெயித்தாள். அவள் கோட்டைத் தாண்டியதும் அப்பா கடிகாரத்தை அமுக்கிப் பார்த்தார், பார்த்திருக்க வேண்டாம். செல்லாயி பயிற்சியில் ஓடுகிற நேரத்தைவிட மெதுவான ஓட்டம். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் இருந்த அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும், அவளும் ஓட்டக்காரிதானே.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. கம்பெனிக்காரர் கை விரித்துவிட்டார். நிர்வாகக் கூட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள், ஆங்கிலத்தில்தான் பேச்சு, வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். டத்தோ கோபப்படவில்லையாம். உடையும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னாரா என்று கேட்டாராம். இல்லை, உடையலாம் என்றுதான் சொன்னார் என்றாராம் அப்பா. அப்படியானால் உடைந்திருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். தெரியாது டத்தோ, தெரியாததால்தான் நிறுத்தினேன் என்றாராம். ஆகஸ்டு மாதத்தோடு துறையை மூடிவிட்டார்கள். அப்பாவுக்கும் வேலை இல்லை, சித்தப்பாவுக்கும் வேலை இல்லை, விளையாட்டால் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு விடுதியும் இல்லை.

மூடுகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து மூடிய நாள் வரைக்கும் அப்பா செய்த ஒரு காரியத்தை உனக்கு நான் எழுதியாக வேண்டும், அவர் சொல்ல மாட்டார். ஒவ்வொரு நாள் காலையும் நல்ல சட்டை, டை எல்லாம் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா, கம்பார், தெலுக் இந்தான் வரைக்கும் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். இந்தப் பிள்ளைக்கு ஆறாம் பாரத்தில் இடம் கொடுங்கள், இவன் குண்டு எறிவான், இவள் நீளம் தாண்டுவாள், படிப்பும் மோசமில்லை என்று கெஞ்சினார். சில தலைமையாசிரியர்கள் அவரை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். பழைய ஓட்டக்காரர் ஒருவர் ஓர் இடத்தில் தலைமையாசிரியராக இருந்து இரண்டு பிள்ளைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டார். மழையில் நனைந்து வருவார், அந்தச் சட்டையைத் துவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டு மறுநாள் காலைக்குத் தேய்த்துக் கொடுப்பேன். ஒரு பிள்ளையைக்கூட அவர் தெருவில் விடவில்லை. செல்லாயிக்கும் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்தார், ஆனால் அவள் போகவில்லை. கால் கட்டோடு தோட்டத்துக்குப் போய்விட்டாள். இவர் இரண்டு தடவை போனார், இருளாயிதான் வெளியே வந்து பேசினாள், அந்தப் பிள்ளை உள்ளேயே இருந்துவிட்டாள்.

மாயாண்டி சித்தப்பா குடும்பத்தோடு ஹுத்தான் மெலிந்தாங் போய்விட்டார். அங்கே மச்சான் ஒருவர் மூலம் மீன் இறக்குகிற இடத்து ஐஸ் கம்பெனியில் வேலை, ஐஸ் பாளம் தூக்குகிற வேலை, இந்த வயதில். அக்டோபரில் அப்பாவும் நானும் அங்கே போனோம். பாப்பா சித்தி எங்களை உட்காரவைத்து நல்லபடியாகக் கவனித்தாள், உன்னைப் பற்றிக் கேட்டாள், ஆள் அனுப்பிச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஐஸ் கம்பெனிக் கட்டடம் வீட்டு வாசலில் நின்றாலே தெரிகிறது. அப்பா சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பிறகு போலாம் என்றார்.

இப்போது அப்பா டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் இருக்கிறார். இதைத்தான் உனக்கு எழுத அவருக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன். கடை முதலாளி தவுக்கே நல்லவர், மரியாதையாக சார் என்றுதான் கூப்பிடுகிறார். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் கூட்டம் என்பதால் மத்தியானம் வீட்டுக்கு வர முடிவதில்லை, நான் சாப்பாடு கொண்டுபோகிறேன். முதல் நாள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன், ஒரு சின்னப் பையனுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து சப்பாத்துக்கு வார் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் தூணோரம் நின்றுவிட்டேன். அவர் பார்த்துவிட்டு வெளியே வந்து தூக்கை வாங்கிக்கொண்டார். என்னத்துக்கு அழுற, பிள்ளைங்க கால் பாக்கிறது எனக்குப் புதுசா என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது பிள்ளை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். டெலிவிஷனில் ஓட்டப்பந்தயம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

போன மாதக் கடைசியில் நான் சாப்பாடு கொண்டுபோன நேரம் செல்லாயி கடைக்குள் வந்தாள். மெலிந்திருந்தாள், கட்டுப் பிரித்திருந்தது, கொஞ்சமும் நொண்டாமல் நேராக நடந்து வந்தாள். அப்பா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது அவள் முகத்தை இல்லை, அவள் நடந்து வருகிற காலை. அவள் கும்பிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "எனக்கு இன்னும் கோபம்தான் சார்" என்றாள். "தெரியும்" என்றார் அப்பா. "ஜனவரியில அந்த சுங்கை சிப்புட் ஸ்கூலுக்குப் போறேன். நீங்க சொல்லி வச்சிருந்த எடத்த அவங்க இன்னும் யாருக்கும் குடுக்கல." அதற்கும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "எப்ப ஓட ஆரம்பிக்கலாம் சார்?" அப்பா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார், தவுக்கேயும் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல நட. ஒரு மாசம் நட. வலி இல்லன்னா அப்புறம் புல்லு மேல மெதுவா. நான் சொல்ற வரைக்கும் கெட்டித் தரையில கால் வைக்காதே" என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அப்பா அன்றைக்குச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் பஸ்ஸில் வருகிறாள், பூங்காப் புல்லில் இரண்டு பேரும் நடக்கிறார்கள், அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அப்பா செய்தது சரியா அம்மா என்று நீ கேட்பாய், அப்படிக் கேட்கிற பிள்ளைதான் நீ. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை இரண்டு காலில் நடந்து கடைக்குள் வந்தாள். மாயாண்டி அந்த ஐஸ் கம்பெனியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டும் அவர் செய்ததால் நடந்ததுதான், இரண்டையும் அவர்தான் சுமக்கிறார், ஒன்றை இறக்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் சுமக்க அவருக்குத் தெரியவில்லை. நான் அவரோடு இருக்கிறேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். அப்பாவுக்கு எழுது, ஆனால் கல்லூரியைப் பற்றிக் கேட்காதே, ஆறுதலும் சொல்லாதே, உன் ஆஸ்பத்திரியில் கால் உடைந்தவர்களை எப்படி நடக்க வைக்கிறீர்கள் என்று எழுது, அவர் பத்துக் கேள்வி கேட்டுத் திரும்ப எழுதுவார். இங்கிலாந்துக்கு வந்து என்னோடு இருங்கள் என்று கூப்பிட்டிருந்தாய், இப்போது முடியாது, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இருக்கிறது. பனிக்காலத்தில் காலுறை இரண்டு போட்டுக்கொள், காலைச் சாப்பாட்டை விடாதே. அந்தப் பையனைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய், அம்மாவுக்கு இரண்டு வரி போதாது, எந்த ஊர், கோயிலுக்குப் போகிறவனா, அவன் அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று எல்லாம் எழுது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நாங்கள் மறுபடியும் ஹுத்தான் மெலிந்தாங் போகிறோம். சித்தப்பா வெளியே வருவாரா மாட்டாரா தெரியாது. வரலன்னா அடுத்த தடவ போவோம் என்று அப்பா நேற்றுச் சொன்னார், அடுத்த தடவை என்று அவர் வாயால் சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. நான் முறுக்கும் கல்கல்லும் செய்து டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இரவு வேலைக்குப் போகிற வழியெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும். நீ தொட்டுக் கவனிக்கிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். அப்பா உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னார், தம்பி அன்பைச் சொல்லச் சொன்னான். மறக்காமல் சித்தப்பாவுக்கும் ஒரு கடிதம் போடு, மாயாண்டி, ஐஸ் கம்பெனி, ஹுத்தான் மெலிந்தாங் என்று போட்டாலே போய்ச் சேரும். அப்பாவுக்காக எழுதாதே. சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்தவருக்கு நீ எழுது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா
சவரியம்மாள் மரியஜோசப்